வீட்டிலிருந்தே குரல் பதிவு: தரம் ஒரே சீராக இருக்கச் சில குறிப்புகள்

விளம்பரம், ஒலிப்புத்தகம், பாட வீடியோ என வீட்டில் இருந்தபடியே குரல் கொடுப்பவர்கள் இன்று நிறையப் பேர். குரல் நன்றாக இருக்கும், உச்சரிப்பும் சுத்தமாக இருக்கும். ஆனால் திங்களன்று பேசியதும் வியாழனன்று பேசியதும் வேறு வேறு வீட்டில் பதிவானதுபோல் ஒலிக்கும். ஒலிப்புத்தகம் கேட்பவரின் கவனம் அந்த இடத்தில்தான் கலைகிறது. இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த மைக் தேவையில்லை, ஒழுங்கு இருந்தால் போதும்.

1. அறையைத் தேர்ந்தெடுத்தபின் மாற்றாதீர்கள். ஹாலைவிட, துணிமணியும் மெத்தையும் நிறைந்த படுக்கையறை நல்லது. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின் உலோகம் அதிர்வதுபோல் ஏதாவது நீண்டால், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன என்று பொருள். பலரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஃபோம் ஒட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். தடித்த ரஜாயையோ இரண்டாக மடித்த கம்பளியையோ முதலில் அங்கே தொங்கவிடுங்கள். முட்டை அட்டைகளால் பெரிய பலன் இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. இந்தத் துணிகள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, தெருச் சத்தத்தைத் தடுக்காது.

2. தெருச் சத்தத்துக்கு மருந்து நேரம்தான். காய்கறி வண்டி, பள்ளி வேன், பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் எப்போது ஒலிக்கும் என்று ஒரு வாரம் கவனித்தால் உங்கள் தெருவின் அமைதியான நேரம் பிடிபட்டுவிடும். மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிடுங்கள். ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டால் அதையும் அணைக்கலாம், ஆனால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டு அணையுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜும் நினைவுக்கு வரும். படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்கள் கையாளும் உத்தி இது.

3. மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண். டேப் எடுத்து அளக்க வேண்டாம். கையை விரித்துக் கட்டைவிரலை உதட்டிலும் சுண்டுவிரலை மைக்கிலும் வைத்துப் பார்த்தால் போதும். வீட்டுப் பதிவுக்கு வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை, நெருங்க நெருங்க அடிக்குரலைக் கூட்டிக் காட்டும் தன்மை கொண்டவை. நான்கு விரல் தூரத்தில் பேசிய வரியையும் ஒரு சாண் தூரத்தில் பேசிய வரியையும் சேர்த்து ஒட்டினால், இரண்டு பேர் பேசியதுபோல் இருக்கும். எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. நாற்காலிக் கால்களும் மைக் ஸ்டாண்டும் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள்.

4. ‘பாப்பா’, ‘பம்பரம்’ போன்ற சொற்களில் காற்று மைக்கில் மோதினால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரம் பார்க்கும்படி சற்றே திருப்புங்கள். ‘ஸ’, ‘ஷ’ கீச்சிடுவதும் இதனால் அடங்கும்.

5. உரக்கப் பேசும் வரிகள் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் வரும்படி கெயின் குமிழைத் திருப்பிவைத்து, அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் கைபட்டுத் திரும்பினாலும் பழைய இடம் தெரியும். கணினியில் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

6. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். ஒரு வேலையின் முதல் நாளிலேயே, நன்றாக அமைந்த 20 விநாடித் துண்டை மாதிரியாகத் தனியே சேமியுங்கள். அடுத்தடுத்த நாட்களில் பதிவைத் தொடங்குமுன் அதை ஹெட்போனில் கேட்டு, அதே வரிகளைப் பேசிப் பதிந்து ஒப்பிடுங்கள். வேகம், அழுத்தம், தூரம், அறையின் ஒலி என எது மாறியிருந்தாலும் உடனே தெரியும். காலையில் எழுந்தவுடன் குரல் கனத்திருக்கும். ஆகவே ஒரே புத்தகத்தை ஒரே வேளையில் படிப்பது நல்லது. திருத்தம் கேட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் பேசி ஒட்டாமல், முந்தைய வரியைக் கேட்டுவிட்டு வாக்கியம் முழுவதையும் பேசுங்கள்.

7. ஒவ்வொரு முறையும் பேசாமல் 30 விநாடி அறையின் மௌனத்தைப் பதியுங்கள். இருமல், மூச்சு போன்றவற்றை வெட்டிய இடத்தில் இதை வையுங்கள். வெறுமையாக விட்டால் ஒலி அறுந்ததுபோல் கேட்கும்.

8. தேவையான அளவுகளை வேலை கொடுப்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால், ஒலிப்புத்தகங்களுக்கு ஆடிபிளின் ஏ.சி.எக்ஸ் தளம் வைத்திருக்கும் அளவு நல்ல வழிகாட்டி: சராசரி ஒலியளவு (ஆர்.எம்.எஸ்) மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபெல், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக்கூடாது, பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்கும் கீழே. வீடியோ வேலைகளுக்குச் சாம்பிள் ரேட் பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸ். மூலப்பதிவு 24 பிட் வேவ் கோப்பாகவே இருக்கட்டும், எம்பி3 கடைசியில்தான்.

9. ஆடாசிட்டி இலவச மென்பொருள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை நீக்குவது, கம்ப்ரஸர், இறுதி ஒலியளவு என்ற வரிசையை அதில் ‘மேக்ரோ’வாகச் சேமித்து எல்லாக் கோப்புகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள். இரைச்சல் நீக்கியில் கை தாராளமாக வேண்டாம். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

10. வளையல், மொடமொடக்கும் சேலை, காலிவயிறு மூன்றும் மைக்கில் கேட்கும். பாலும் இனிப்பும் வாயைப் பிசுபிசுக்க வைக்கும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நாக்கு ‘டிக் டிக்’கென்று ஒட்டினால் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு உதவும்.

11. பின்னணியில் ‘ம்ம்’ என்று ஒரே சீரான ரீங்காரம் இருந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

12. கோப்பின் பெயரில் புத்தகம், அத்தியாயம், தேதி மூன்றும் இருக்கட்டும். வேலை முடிந்து பணம் வந்தபிறகும் மூலப்பதிவை அழிக்காதீர்கள். சில மாதங்கள் கழித்து ஒரே ஒரு பத்தியை மாற்றித் தரச் சொல்லி அழைப்பு வரும். அப்போது தரையில் ஒட்டிய டேப்பும், பொட்டு வைத்த குமிழும், அந்த 20 விநாடித் துண்டும் கைகொடுக்கும்.