மூச்சைத் தொடங்குவது யார்?



தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துச் சலாபங்களே இங்கு நடந்த கடைசிச் சலாபங்கள். அக்காலத்தில் முத்துக் குளித்தவரிடம் காற்றுக் குழாய் கிடையாது. கயிற்றில் கட்டிய கல்லின் மீது கால் வைத்துக் கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைப் பொறுக்குவார். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார்.

இதில் சைகை கொடுப்பவர் ஒருவர், உழைப்பவர் மற்றொருவர். இதை நினைவில் வையுங்கள். மருத்துவமனையில் உள்ள வெண்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியைப் புரிந்துகொள்ள இது உதவும்.

மூச்சுக்கு மணியடிப்பது எது?

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் 'மூச்சு விடு' என்று உடல் வற்புறுத்தும். பிராண வாயு தீர்ந்துவிட்டதா? இல்லை, இரத்தத்தில் அது இன்னும் போதிய அளவு இருக்கிறது. கரியமில வாயு பெருகியதால்தான் மூளையின் முகுளம் மணியடிக்கிறது.

ஓர் எச்சரிக்கை! நீரில் மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்துவிடும். பிராண வாயு அவ்வளவாகக் கூடாது. நீருக்குள் பிராண வாயு தீர்ந்தாலும் மணி அடிக்காது. முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும். நன்கு நீந்துவோரும் இவ்வாறு மாண்டதுண்டு. ஆகவே இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இழுப்பதும் தள்ளுவதும்

நாம் மூச்சிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. மார்பறை விரிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்று தானாக நுழைகிறது. இன்றைய வெண்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுகிறது.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரில் முதல் மூன்று வாரங்களில் 31 பேருக்கு 27 பேர் இறந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் ஒரு வழி சொன்னார். நோயாளியின் மூச்சுக் குழலில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்துவதே அந்த வழி. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பை அமுக்கினர். இறப்பு நாளடைவில் நான்கில் ஒன்றாகக் குறைந்தது. அந்தக் கைகளின் வேலையை இன்று கருவி செய்கிறது.

மூன்று வகை மூச்சுகள்

ஒவ்வொரு மூச்சைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அதைத் தொடங்குவது யார்? முடிப்பது யார்?

1. கட்டுப்பாட்டு மூச்சு: தொடங்குவதும் முடிப்பதும் கருவியே. நிமிடத்துக்கு 12 மூச்சு என்று மருத்துவர் குறித்தால் 5 விநாடிக்கு ஒரு மூச்சு வரும். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு இது வேண்டும்.

2. உதவி மூச்சு: தொடங்குபவர் நோயாளி, முடிப்பது கருவி. நோயாளி சிறிது இழுத்தாலே கருவி அதை உணரும். உறிஞ்சு குழலில் தண்ணீரை 2 செ.மீ. உயர்த்தும் அளவு இழுப்பே போதும். இதுதான் கயிற்றுச் சைகை! சைகை வராவிட்டால்? தோணியில் இருப்பவர் சும்மா இருப்பாரா? தாமே இழுத்துவிடுவார் அல்லவா? கருவியும் 5 விநாடி பொறுத்துப் பார்த்துத் தானே மூச்சைக் கொடுத்துவிடும்.

3. ஆதரவு மூச்சு: தொடங்குவதும் முடிப்பதும் நோயாளியே. கருவி காற்றை அழுத்தித் துணை நிற்கும். காற்றோட்டம் அதன் உச்சத்தில் ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்ததும், மூச்சு நிறைந்தது என்று கண்டு நிறுத்திக்கொள்ளும்.

அளவா, அழுத்தமா?

புதிய பலூனை ஊதக் கடினம். ஊதிப் பழகிய பலூன் எளிதில் விரியும். நோயுற்ற நுரையீரல் புதிய பலூன் போல விறைத்திருக்கும். இவ்வளவு மில்லிலிட்டர் காற்று என்று அளவைக் குறித்தால், விறைத்த நுரையீரலில் அழுத்தம் ஏறும். அது நுரையீரலைக் காயப்படுத்தலாம். அழுத்தத்தைக் குறித்தால், போகும் காற்றின் அளவு குறையக்கூடும். ஒன்றைக் குறித்துவிட்டு மற்றொன்றைக் கண்காணிப்பதே மருத்துவரின் வேலை.

கருவியை விட்டு விலகுதல்

எல்லா மூச்சையும் கருவியே கொடுத்தால் என்ன? வேலையில்லாத உதரவிதானம் சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். ஆகவே நோயாளி தேறத் தேற, கட்டுப்பாட்டிலிருந்து உதவிக்கும் உதவியிலிருந்து ஆதரவுக்கும் மாற்றி, கடைசியில் கருவியை அகற்றுவார்கள். கயிற்றை அசைக்கும் வலிமை நோயாளியிடம் திரும்பிவிட்டதா என்பதையே மருத்துவர் நாள்தோறும் சோதிக்கிறார்.

சிந்தியுங்கள்

நிமிடத்துக்கு 15 மூச்சு என்று குறித்த கருவி, நோயாளியின் சைகைக்காக எத்தனை விநாடி காத்திருக்கும்? அவர் 3 விநாடிக்கு ஒருமுறை தாமே இழுத்தால், உதவி முறையில் அவருக்கு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு கிடைக்கும்?

(விடை: 4 விநாடி, 20 மூச்சு)