வீட்டெலி சென்ற வழி

கஞ்சியிட்ட பாவைக் கடித்து, நெல் மூட்டையைத் துளைக்கும் வீட்டெலியை அறியாத அங்கத்தினர் நம்மில் இலர். (வரப்பில் வளை தோண்டும் எலி வேறு இனம், அது இங்கே நமக்கு வேண்டாம்.) விஞ்ஞானிகள் 'இராட்டஸ் இராட்டஸ்' எனப் பெயரிட்ட இவ்வெலிக்குத் தாயகம் இந்தியத் துணைக்கண்டமே. ஐரோப்பாவிலோ அது அழையாமல் வந்த விருந்தாளி.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே தெரியும் மலைக்கு அப்பாலுள்ள கரையிலிருந்து மிளகு கப்பலேறிய காலத்தில், வணிகர்கள் செங்கடல் வரை சென்றனர். எகிப்தின் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அதே துறையில் உரோமர் காலத்துப் பூனையொன்றின் எலும்புக்கூடும் அகப்பட்டது. அதன் வயிற்றிலே வீட்டெலிகளின் எலும்புகள்!

எலும்பு, எலி இருந்ததைச் சொல்லும். அது எந்த வழியில் வந்த எலி என்று சொல்லாது. அதைச் சொல்வது எலும்பினுள் தங்கிய டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள். எலும்பைப் பொடித்து அதைப் பிரித்தால் துண்டு துண்டாகவே வரும். அறுந்த இழைகளை வரிசை பிசகாமல் முடிந்து பாவாக்குவது போன்ற வேலை அது. வெப்ப நாட்டு மண்ணில் அது விரைவில் சிதைந்துவிடும். குளிர் நாட்டில் நெடுங்காலம் நிற்கும்.

இவ்வாறு ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் கிடைத்த, கி.பி. 1 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான எலிகளை ஆராய்ந்து, 2022இல் முடிவு வெளியிட்டனர். 67 எலிகளின் தாய்வழி மரபும், 36 எலிகளின் முழு மரபும் படிக்கப்பட்டன. வீட்டெலி தென்மேற்கு ஆசியா வழியாக ஐரோப்பா புகுந்தது உறுதியாயிற்று. வியப்பு வேறொன்று. உரோமர் காலத்து எலியும் இடைக்காலத்து எலியும் ஒரே வழியினர் அல்லர். 6ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையே பழைய கூட்டம் ஏறக்குறைய அற்றுப்போய், புதுக்கூட்டம் குடியேறியிருக்கிறது.

உரோமப் பேரரசின் வீழ்ச்சி, 541இல் தொடங்கிய கொள்ளைநோய், குளிர் மிகுந்தமை ஆகிய மூன்றையும் ஆராய்ச்சியாளர் காரணமாகக் கருதுகின்றனர். நமக்கு முதலாவதே பெரிதாகப் படுகிறது. பேரரசு சிதைந்ததும் தானியக் களஞ்சியங்களும், ஊர்விட்டு ஊர் தானியம் செல்வதும் குறைந்தன. அந்நாட்டுக் குளிரில் மனிதன் சேர்த்துவைத்த உணவின்றி இவ்வெலி பிழைப்பது அரிது.

ஆகவே நஞ்சு வைப்பதற்கு முன் நம் கிடங்கைப் பார்ப்போம். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்கலாம். நூலறைக் கதவின் அடியில் தகரம் அறையலாம். அரை அங்குலத் துளையையும் அடைத்துவிட வேண்டும். கஞ்சித் தொட்டியை இரவில் மூடாமல் விடலாகாது.