செய்தியை வாசிக்கும் முறை

உலகச் செய்திகளை வாசிக்கையில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நலம்: எங்கே நடந்தது? அதனால் எது தடைப்பட்டது? நஷ்டத்தைச் சுமந்தவர் யார்?

உதாரணமாக, 2023 நவம்பரில் ஏமன் நாட்டு ஹூத்தி படையினர், காஸா யுத்தத்தைக் காரணங்காட்டி, வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். எங்கே? செங்கடலில். தேசப்படத்தை விரித்துப் பாருங்கள்: ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே குறுக்குவழி, செங்கடலும் அதன் வடக்கே 1869-ல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயுமே.

எது தடைப்பட்டது? அவ்வழிப் போக்குவரத்து. கம்பெனிகள் பல தங்கள் கப்பல்களை ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பின. பயணம் ஏறக்குறைய பத்து நாள் நீண்டது. எரிபொருள் செலவும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் ஏறின.

சுமந்தவர் யார்? அச்செலவில் ஒரு பங்கு, சரக்கை வாங்குவோர் தலையில் விழுந்தது. அந்த யுத்தத்தில் இறங்காத எகிப்து, 2024-ல் கால்வாய் வருமானத்தில் பாதிக்கு மேல் இழந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஒரு சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு, மாலுமிகள் மூவர் மாண்டனர். இருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஒருவர் வியட்நாமியர்.

ஆகவே, ‘கப்பல் கட்டணம் உயர்ந்தது’ என்னும் ஒரு வரிக்குப் பின்னால், பிழைப்புக்காகக் கடலேறிய மனிதரும் உண்டு. அவர்களைக் காணாமல் விலையை மட்டும் காண்பவன், செய்தியைப் பாதிதான் வாசித்தவன்.