டீசல் டிரக்கில் புது ஏர் இன்டேக்: கிளாம்ப்பை கவனி

புது ஃபில்டர் போட்டா டர்போ விசில் நல்லா கேட்கும், அது நிஜம். ட்யூன் பண்ணாத வண்டியில் பவர் பெருசா ஏறாது.

எஞ்சின் ஆறினதும் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழட்டு. மாஃப் சென்சார்தான் உள்ளே போற காற்றை அளக்குது. அதன் உள் கம்பியைத் தொடாமல் புதுக் குழாய்க்கு மாத்து. எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரா? எண்ணெய் கொஞ்சம்தான். கூடிட்டா அந்தக் கம்பியில் படிஞ்சு அளவு தப்பும்.

நான் அதிக நேரம் எடுக்கிறது கிளாம்ப்புகளுக்குத்தான். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தூசி நேரா உள்ளே போகும். நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலே சுத்தக்கூடிய சக்கரம் அது; மணல் பட்டா இறக்கை விளிம்பு தேய்ஞ்சுடும். ஒரு வாரம் ஓட்டிட்டு, எஞ்சினை நிறுத்தி, குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைச்சுப் பாரு. தூசி ஒட்டினா, எங்கேயோ ஒழுகுது.