சில நாள் மட்டும் மின்னேறாத பேட்டரி

பழைய பிக்-அப் வண்டி ஒன்று. இரவு நன்றாக ஓடிவந்து நின்றது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து மின்னேற்றி மாட்டினால் பத்து நாள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மீண்டும் அதே கதை. புதுப் பேட்டரி வாங்குகிறார்கள், ஆல்டர்னேட்டரையும் மாற்றுகிறார்கள். பணம்தான் போகிறது, கோளாறு போகவில்லை. ஏன்?

விடை நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியிலேயே இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் ஏராளமாக ஓடிய செவ்ரோலே சி-10 பிக்-அப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. முழுவதும் மின்னேறி ஓய்வில் இருக்கையில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 14.2 வோல்ட். இரண்டுக்கும் வேறுபாடு 1.6 வோல்ட்தான். இந்தச் சிறு வேறுபாடுதான் பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது.

இடையிலுள்ள ஓர் இணைப்பில் பச்சைக் களிம்பு படிந்து 0.05 ஓம் தடை ஏற்பட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். அதன் வழியே 20 ஆம்பியர் சென்றால் என்ன ஆகும்? 20 × 0.05 = 1 வோல்ட். இருந்த 1.6 வோல்ட்டில் 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது! ஆல்டர்னேட்டரும் நல்லது, பேட்டரியும் நல்லது. ஆனால் பேட்டரிக்கு வயிறு நிரம்புவதில்லை.

இத்தடையை ஓம் மீட்டரால் பிடிக்கலாமே என்பீர்கள். முடியாது. சாதாரண மீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே இதைவிட அதிகத் தடை உண்டு. மேலும், அது செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். பத்து இழையில் ஒன்பது அறுந்த கம்பிகூட அதனிடம் நல்ல பெயர் வாங்கிவிடும். ஆகவே பாரம் ஏறியிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும்.

என்ஜினை ஓடவிட்டு, முன்விளக்குகளையும் போட்டுவிடுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும், மற்றதைப் பேட்டரியின் நேர்மின் ஈயக் குமிழிலும் வையுங்கள். கவ்வியில் வைக்காதீர்கள், குமிழுக்கும் கவ்விக்கும் நடுவில்தான் பெரும்பாலும் களிம்பு ஒளிந்திருக்கும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான். கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டிப் பாருங்கள்; முள் துள்ளும் இடமே குற்றவாளி. வண்டியின் அதிர்வும் சூடும் அதே இணைப்பைத் தளர்த்துவதாலும் சேர்ப்பதாலும்தான் கோளாறு வந்து வந்து போகிறது. (பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கை வேண்டாம். என்ஜின் ஓடுகையில் பேட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அதனால் பாழாகும்.)

அடுத்து, ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்மின் குமிழுக்கும் இடையே அளக்க வேண்டும். பலர் மறந்துவிடும் பாதை இது. என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்கடத்தாப் பொருள் அல்லவா? எனவே எர்த் பட்டை ஒன்றுதான் அதைச் சட்டத்தோடு இணைக்கிறது. அது அறுந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடும். சில வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கேபிளே சூடேறிவிடுவது இதனால்தான்.

பெல்ட் தளர்ந்து வழுக்குவதும், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்கள் தேய்வதும் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை.

இன்னொரு குறை வேடிக்கையானது. சி-10 வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு பொருத்தப்பட்டவற்றில், ஆல்டர்னேட்டரின் சுழலியை முதலில் காந்தமாக்கும் சிறு மின்னோட்டம் அந்த விளக்கின் வழியாகவே செல்கிறது. பல்பு எரிந்துபோனால் சிவப்பு ஒளி தெரியாது. ஓட்டுநர் எல்லாம் நலம் என்று நினைப்பார். ஆனால் ஆல்டர்னேட்டர் விழிப்பதேயில்லை. வேகமாக ஓட்டினால், இரும்பில் எஞ்சியுள்ள காந்தத்தன்மையால் அது விழித்துக்கொண்டு வேலை செய்யும். நெடுஞ்சாலையில் போன நாளில் பேட்டரி நிறையும். தெருவுக்குள் மெல்லச் சுற்றிய நாளில் இறங்கும். என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். விளக்கு எரியவில்லையென்றால், ஆல்டர்னேட்டரைத் தொடுவதற்கு முன் அந்தப் பல்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.