அச்சுக்கு ஏற்ற மண்

முலுண்டில் விநாயகர் சதுர்த்தி முடிந்த சில வாரங்களில் நவராத்திரி தொடங்கும். தமிழர் இல்லங்களில் பரண்மேல் கிடந்த கொலுப் பெட்டிகள் கீழே இறங்கும். பழந்துணியில் சுற்றிய பொம்மைகளைப் பிரிக்கும்போதுதான் இழப்புகள் தெரியவரும். நாதசுவரக் குழுவில் தவில்காரர் இருவர். ஒருவருடைய தவிலைக் காணோம் என்று கொள்வோம். கட்டைவிரல் அளவேயுள்ள அத்தவில் கடையில் தனியே கிடைக்காது. எஞ்சிய தவிலைக் கொண்டு அச்சு எடுத்து, அதில் இன்னொன்றை வார்ப்பதே வழி.

இத்தகைய சிறு உறுப்புகளுக்குச் சிலிக்கோன் அச்சு மிகவும் ஏற்றது. (சிலிக்கான் என்பது தனிமம், சிலிக்கோன் என்பது ரப்பர்போல் வளையும் சேர்மம். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.) கூழ்போன்ற சிலிக்கோனில் அதற்குரிய இறுக்கியைக் கலந்து ஊற்றினால் சில மணி நேரத்தில் இறுகும். தவிலின் வார்களைக்கூட அப்படியே பதித்துக்கொள்ளும்.

அச்சு இரண்டு பாதிகளாக அமையும். சிறு பெட்டியில் களிமண்ணைப் பரப்பி, தவிலை நீளவாக்கில் பாதியளவு அதில் புதைக்க வேண்டும். பாதிகள் பின்னர்ப் பிசகாமல் பொருந்துவதற்காக, மண்ணில் சில குழிகளும் இட வேண்டும். மேலே ஊற்றிய சிலிக்கோன் இறுகியபின் பெட்டியைக் கவிழ்த்து, மண்ணை மட்டும் நீக்கி, சிலிக்கோன்மீது வாசலைனை மெல்லப் பூசி, மறுபாதியை ஊற்ற வேண்டும். பூச மறந்தால் இரு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எந்தக் களிமண்ணைப் பரப்புவது? மும்பையில் பிள்ளையார் சிலைகளுக்குப் பயன்படும் ‘சாடு’ மண் எளிதில் கிடைக்கும். சிலை வனைய அது அருமையான மண். ஆனால் அது நீரால் குழைந்தது. உலர உலரச் சுருங்கும். அப்போது தவிலின் ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி தோன்றும். சிலிக்கோன் அதில் புகுந்து மெல்லிய தோலாக இறுகும். வார்த்த தவிலைச் சுற்றி ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய சிலையில் அதைத் தேய்த்துவிடலாம். கட்டைவிரல் அளவுத் தவிலில் தேய்த்தால் வார்களும் சேர்ந்து அழியும். எனவே உலராத எண்ணெய்க் களிமண்ணே இதற்கு உகந்தது. அதன் எண்ணெய் பழைய வண்ணத்தில் ஊறாதிருக்க, தவிலுக்கு முன்னதாகவே வார்னிஷ் பூசுவது நலம்.

எண்ணெய்க் களிமண்ணிலும் ஓர் ஆபத்து உண்டு. சில வகைகளில் கந்தகம் கலந்திருக்கும். ஒருவகைச் சிலிக்கோன் பிளாட்டினம் என்னும் வினையூக்கியால் இறுகுவது. கந்தகம் அந்தப் பிளாட்டினத்தோடு பிணைந்து அதன் செயலைத் தடுத்துவிடும். மேற்புறம் இறுகியதுபோல் தோன்றினாலும், மண்ணைத் தொட்ட பகுதி, அதாவது அச்சுக்கு இன்றியமையாத பகுதி, பிசுபிசுத்தே கிடக்கும். மறுநாளும் இறுகாது. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகைக்கு இத்தொல்லை இல்லை. ஆகவே, ‘கந்தகம் அற்றது’ என்ற குறிப்பு உறைமேல் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். வாங்கியபின்னும் ஒரு சிட்டிகை மண்மீது சில துளிச் சிலிக்கோனை இட்டு, இறுகுகிறதா எனச் சோதிக்க வேண்டும். சில துளிகள் வீணாகலாம். விலையுயர்ந்த சிலிக்கோன் முழுவதும் வீணாகலாகாது. தவிலும் பிசினில் சிக்கலாகாது.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இதற்கு நேர்மாறான வழக்கம் உள்ளது. அங்கே மண்ணே அச்சு. ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மீது காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லப் பூசி நிழலில் உலர்த்துவர். பின்னர்ப் பருமண்ணைப் பூசுவர். நெருப்பில் சுட்டதும் மெழுகு உருகி வெளியேறும். வெற்றிடத்தில் உலோகம் பாயும். மெழுகிலுள்ள நகக்கோடுகூடப் பதிய வேண்டுமாதலால், மண்ணின் நுண்மையே அவர்கள் முதலில் நோக்குவது. தவிலுக்கு அடியில் கிடக்கும் மண்ணோ எதையும் பதிக்க வேண்டியதில்லை. சுருங்காமலும் சிலிக்கோனைக் கெடுக்காமலும் இருந்தால் போதும்.

பயிற்சி

1. சாடு மண்ணைப் பரப்பினால் வார்த்த தவிலில் விளிம்பு தோன்றுவது ஏன்?
2. ‘உலர உலர’ என்பதுபோல் அமைந்த அடுக்குத்தொடர்கள் மூன்று எழுதுக.
3. உங்கள் வீட்டில் உடைந்த சிறுபொருள் ஒன்றுக்கு அச்சு எடுக்கும் முறையை எட்டு வரிகளில் எழுதுக.