மாடியில் சோலார் போடும் முன்

முதலில் நிழலைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை என எதுவானாலும், காலை 9 முதல் மாலை 4 மணி வரை அதன் நிழல் எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் நீளும். சித்திரையில் பார்த்து இடம் குறித்தால் ஏமாற்றம்தான். பேனல்களை வரிசையாக இணைப்பதால், ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும்.

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயில் நாளில் 4 யூனிட் வரை கிடைக்கும். தெற்கு பார்த்த சாய்வே சிறந்தது.

விற்பவர்கள் பல நேரம் அழுத்திச் சொல்லாத ஒன்று: பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பில், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் ஃபேன் சுற்றாது. லைனில் வேலை செய்யும் மின் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். மின்தடை அதிகமுள்ள ஊரென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகையைக் கேளுங்கள், விலை கூடும்.

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தினால்தான் அது கிடைக்கும்.

தூசி படிந்தால் வெயில் ஏறுமுன் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். வெள்ளைக் கறை படியும்.